ஓய்வுபெற்றவர்களின் ஊர்சுற்றல்: கூடாரமா, ரிசார்ட்டா?

பொருநைக்கரை (திருநெல்வேலி) · திங்கள், காலை 6.40

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள். நான் மின்வாரியத்தில் இருந்தேன், அவர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். பழைய கார், ஓய்வூதியம், ஓரளவு உடல்நலம் ஆகிய மூன்றும் ஒன்றாகக் கையில் இருப்பது சில ஆண்டுகளுக்குத்தான் என்பதால் முடிந்தபோதெல்லாம் கிளம்பிவிடுகிறோம்.

பெரிய திட்டம் எதுவும் கிடையாது. ஒரு முறை முண்டந்துறையில் வனத்துறை ஓய்வு இல்லம். இன்னொரு முறை மாமல்லபுரத்தில் சவுக்கு மரங்களுக்கு நடுவே சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கடற்கரை விடுதி. கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய செட்டிநாட்டு வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் குளிர்ச்சியை அனுபவித்திருக்கிறோம். சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் குலுங்கிக் குலுங்கிக் கொழுக்குமலை ஏறி, கூடாரத்தில் படுத்து, மேகத்துக்கு மேலே சூரியன் வருவதைப் பார்த்திருக்கிறோம்.

தை மாதம் ஒரு சுற்று போகலாம் என்று இருக்கிறோம். முதலில் தேக்கடி. அங்கிருந்து கம்பம், தேனி, பழனி, பொள்ளாச்சி வழியாக டாப்சிலிப், பரம்பிக்குளம். எனக்குக் கூடாரம் வேண்டும், மனைவிக்கு நல்ல அறை வேண்டும். என் வாதம் இதுதான்: கதவைச் சாத்தி ஏசியைப் போட்டுவிட்டால் தேக்கடியும் சென்னையும் ஒன்றுதான். கூடாரத்தில் இரவு முழுவதும் காடு காதில் விழும். ஆந்தை, கடமான், எங்கோ ஓடும் ஓடை. அதற்காகத்தானே இவ்வளவு தூரம் போகிறோம்?

இதே பருவத்தில் இருக்கும் தம்பதியர் எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

புதிதாக ஓய்வுபெற்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய செல்வம் வார நாட்கள். ஞாயிறு மாலை போய் வியாழன் காலை திரும்பினால் அதே அறை, அதே சாப்பாடு, கூட்டம் இல்லை, வாடகையும் பல இடங்களில் நன்றாக இறங்கும். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதற்கு மேல் போனால் 18. சனிக்கிழமை அந்தக் கோட்டைத் தாண்டும் அறை செவ்வாய்க்கிழமை கோட்டுக்குக் கீழே வந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். பதிவு செய்யும்போது இதைக் கவனியுங்கள்.

———

ஆழியாறு (பொள்ளாச்சி) · திங்கள், காலை 8.15

வணக்கம் ஐயா. எங்கள் ஊர்ப் பக்கம் வருகிறீர்கள், மகிழ்ச்சி.

பரம்பிக்குளம் கேரளப் புலிகள் காப்பகம், ஆனால் வண்டியில் போகும் வழி நம் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான். அதனால் தமிழக வனத்துறைச் சோதனைச் சாவடியில் ஒரு கட்டணம், ஆனப்பாடியில் கேரள வனத்துறையிடம் இன்னொரு கட்டணம். அந்த ஆனப்பாடியிலேயே வனத்துறையின் கூடாரங்கள் இருக்கின்றன. கூடாரம் என்றதும் தரையில் பாய் விரித்துப் படுப்பது என்று அம்மா நினைத்துவிட வேண்டாம். மேடை மேல் நிற்கும் கூடாரம், உள்ளே கட்டில், ஒட்டியே கழிப்பறை. சாப்பாடு, காட்டுக்குள் வண்டிப் பயணம், வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக வாங்கிக்கொள்வார்கள். இருவர் ஆசையும் ஒரே இடத்தில் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

தூணக்கடவில் மரத்தின் மேல் குடில் இருக்கிறது. படத்தில் பார்த்தால் ஆசை வரும். முழங்கால் நன்றாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். இரவில் அந்தப் படிகளில் இறங்குவது எளிதல்ல.

கண்ணிமாராத் தேக்கைத் தவறவிடாதீர்கள். பலர் கைகோத்து நின்றால்தான் சுற்றிவளைக்க முடிகிற மரம் அது. டாப்சிலிப்பில் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறைக்கும் போய் வாருங்கள். வெட்டி முடித்த தேக்கங்காடுகளை மீண்டும் எழுப்பியவர். கைத்தடியால் மண்ணில் குழி போட்டு, சட்டைப்பையில் இருக்கும் தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே நடப்பார் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். 1933-இல் இறந்தார். என் நினைவுச்சின்னத்தைத் தேடினால் சுற்றிலும் பார் என்ற பொருளில் லத்தீனில் ஒரு வரி பொறித்திருக்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் நான்கு பக்கமும் தேக்கு. எத்தனை முறை போனாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

———

செண்பகத்தோப்பு (ஸ்ரீவில்லிபுத்தூர்) · திங்கள், பகல் 11.30

ஐயா, உங்கள் பதிவைப் படித்தேன். ஒரு மனைவியின் பக்கத்திலிருந்து எழுத அனுமதியுங்கள்.

என் கணவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நான் எந்த அலுவலகத்திலும் வேலை பார்த்ததில்லை, ஆகவே எனக்கு ஓய்வு என்று ஒரு நாள் வரவும் இல்லை. அவர் ஓய்வுபெற்ற மறுநாள் காலையிலும் நான்தான் அடுப்பைப் பற்றவைத்தேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

அவருக்கும் உங்களைப் போலவே கூடாரப் பித்து பிடித்தது. ஒரு கூடாரம், இரண்டு மடக்கு நாற்காலி, சின்ன எரிவாயு அடுப்பு எல்லாம் வாங்கினார். ஏலகிரியில் நண்பர் ஒருவரின் தோட்டத்தில் அனுமதி வாங்கிக் கூடாரம் அடித்தோம். இடம் சொர்க்கம்தான். ஆனால் காலை ஆறு மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? குனிந்து உட்கார்ந்து, காற்றில் அணைந்து அணைந்து போகும் அடுப்பில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தேன். பிறகு பாத்திரம் கழுவத் தண்ணீர் எங்கே என்று தேடினேன். வீட்டிலாவது நின்றுகொண்டு சமைக்கலாம், குழாயில் தண்ணீர் வரும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, "காற்றைப் பார், பனியைப் பார்" என்றார். பனியை அவர் பார்த்தார், நான் பாத்திரத்தைப் பார்த்தேன்.

ரிசார்ட்டில் எனக்குப் பிடித்தது நீச்சல் குளமும் இல்லை, பெரிய கட்டிலும் இல்லை. காலையில் எழுந்து, "இன்றைக்கு என்ன சமைப்பது" என்ற கேள்வி இல்லாமல் ஒரு காபியை ஆறும்வரை உட்கார்ந்து குடிக்க முடிவதுதான். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அது வேறு எங்கும் கிடைக்கவில்லை. பெண்கள் ரிசார்ட் கேட்பதை ஆடம்பரம் என்று ஆண்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே கூடாரமா, அறையா என்பது எனக்கு இரண்டாம் கேள்வி. அங்கே யார் சமைக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஆழியாறு சொல்லும் இடத்தில் சாப்பாடு அவர்களே தருகிறார்கள் என்றால் நான் மரத்தடியில் படுக்கவும் தயார்.

———

கடலோரக் கணக்கர் (நாகப்பட்டினம்) · திங்கள், பிற்பகல் 3.05

செண்பகத்தோப்பு அம்மா சொல்வது முழு நியாயம். ஆனாலும் ரிசார்ட்டைப் பற்றி ஒரு மாற்றுக் கருத்து.

ரிசார்ட்டின் வேலையே நம்மை வெளியே விடாமல் வைத்திருப்பது. சாப்பாடு உள்ளே, கடற்கரை உள்ளே, கடை உள்ளே. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டுக்குப் பிள்ளைகள் எங்களை அனுப்பினார்கள். காலை உணவு மட்டும்தான் வாடகையில் சேரும் என்று முன்பே சொல்லவில்லை. வாசலிலிருந்து நான்கு கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை கூட இல்லை. ஒரு சாம்பார் சாதத்துக்கு அவர்கள் போட்ட விலையில் ஊரில் நால்வர் சாப்பிடலாம். பணத்தைவிட எனக்கு வலித்தது வேறு. இரண்டு நாளும் அந்த ஊர் மனிதர் ஒருவரோடு கூட நாங்கள் பேசவில்லை.

தரங்கம்பாடியில் இதற்கு நேர்மாறான அனுபவம். கடலைப் பார்த்த பழைய பங்களாவில் விடுதி நடத்துகிறார்கள். படி இறங்கினால் 1620-இல் டேனியர்கள் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை, நடக்கும் தூரத்தில் 1718-இல் எழும்பிய புதிய எருசலேம் ஆலயம், மீன்பிடி வலை உலரும் மணல். தெருவில் நடந்தால் நின்று பேசுகிறார்கள். மாலையில் வண்டிக்காரரிடம் சுண்டல் வாங்கித் தின்றோம். இரவில் நல்ல கட்டிலில் படுத்தோம்.

நான் கேட்பது ஒன்றே. அறை எத்தனை நட்சத்திரமாகவும் இருக்கட்டும், வாசல் ஊருக்குள் திறக்க வேண்டும்.

———

பொருநைக்கரை · திங்கள், மாலை 6.20

செண்பகத்தோப்பு அம்மாவின் பதிவை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை, நீங்கள்தான் நன்றாகச் சமைப்பீர்களே" என்றார். உண்மைதான், ஓய்வுக்குப் பிறகு காலைச் சமையல் என் பொறுப்பு. ஆனால் அதன் பிறகு நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். ஏன் என்று இன்னும் சொல்லவில்லை.

———

மருந்துப்பெட்டி (வேலூர்) · திங்கள், இரவு 9.10

நான் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவள். இங்கே எல்லோரும் காட்டையும் கடலையும் பேசுகிறீர்கள், நான் கழிப்பறையைப் பேசப் போகிறேன். அறுபதைத் தாண்டியவர்கள் பயணம் போக வேண்டும் என்பதில் எனக்கு அவ்வளவு ஆசை இருப்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நம் வயதில் இரவில் ஓரிரு முறையாவது எழுந்திருக்க வேண்டும். ரத்தக்கொதிப்புக்குச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், புரோஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள் இன்னும் அதிகம். தரையோடு ஒட்டிய சின்னக் கூடாரத்தில் தூக்கக் கலக்கத்தோடு மண்டியிட்டு எழுந்து, ஜிப்பைத் தேடித் திறந்து, ஈரப் புல்லில் இருட்டில் ஐம்பது அடி நடந்து பொதுக் கழிப்பறைக்குப் போக வேண்டும். படுத்திருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். விழுந்தால் இடுப்பு எலும்பு. அதைவிடக் கெடுதல், இதற்குப் பயந்து பெண்கள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவது. நான் வார்டில் பார்த்த சிறுநீர்த் தொற்றுகளில் பயணத்திலிருந்து திரும்பியவர்கள் எத்தனையோ பேர்.

ஆகவே பதிவு செய்யும் முன் போனில் கேளுங்கள். கழிப்பறை உள்ளேயே இருக்கிறதா, மேலைநாட்டு முறையா, கைப்பிடி இருக்கிறதா, கட்டிலிலிருந்து அதுவரை படி உண்டா, இரவெல்லாம் மின்சாரம் இருக்குமா, வெந்நீர் எந்த நேரம் வரும். ரிசார்ட்டுகளிலும் இதைக் கேட்க வேண்டும். மலைச்சரிவில் கட்டிய ரிசார்ட்டில் சாப்பாட்டு அறைக்கும் உங்கள் குடிலுக்கும் நடுவே நூறு படி இருக்கலாம், இணையப் படத்தில் அது தெரியாது. வரவேற்பறைக்கு அருகில், தரைத்தளத்தில் வேண்டும் என்று சொல்லி வையுங்கள். பெரும்பாலும் தருவார்கள்.

இன்சுலின் போடுபவர்கள் கவனத்துக்கு. பயன்பாட்டில் இருக்கும் பேனாவை 30 டிகிரிக்குக் கீழே சுமார் நான்கு வாரம் வெளியில் வைக்கலாம். மருந்துக்கு மருந்து நாள் மாறும் என்பதால் உறையில் போட்டிருப்பதைப் பாருங்கள். வெயிலில் நிற்கும் காரில் ஒருபோதும் வைக்காதீர்கள். ஐஸ் மேல் நேராக வைத்து உறைந்துபோனாலும் மருந்து வீண். காட்டுப் பயணம் விடியற்காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குத் திரும்பும், அதற்குப் பிறகுதான் காலை உணவு. அன்றைக்கு ஊசி எப்போது, எவ்வளவு என்று ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பையில் பேரீச்சம்பழமோ குளுக்கோஸோ கட்டாயம் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. குளிருக்காகக் கரி அடுப்பையோ எரிவாயு அடுப்பையோ கூடாரத்துக்குள்ளும் மூடிய அறைக்குள்ளும் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

———

மலைரயில் (குன்னூர்) · செவ்வாய், காலை 7.00

ஊட்டிப் பக்கம் வருபவர்களுக்கு: 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் வர இ-பாஸ் வேண்டும். அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் வந்தால் தேவையில்லை. சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையம் வந்துவிடும், 7.10-க்கு மலை ரயில். 46 கிலோமீட்டர், கல்லாறிலிருந்து குன்னூர்வரை பல்சக்கரத் தண்டவாளம். மணிக்கணக்கில் உட்கார வேண்டும், இருக்கை குறுகல். முதுகுவலி இருந்தால் குன்னூரிலிருந்து ஊட்டிவரை மட்டும் போங்கள். முதியோர் ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றதுதான். கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது, டிக்கெட் எடுக்கும்போதே அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

———

ஓய்வுபெற்ற வனவர் (கோவை) · செவ்வாய், காலை 9.45

பொருநைக்கரை ஐயாவின் ஆசை எனக்குப் புரிகிறது. வாழ்நாளெல்லாம் காட்டில் இரவைக் கேட்டவன் நான். ஆனால் கூடாரம் பற்றிப் பேசும்போது அது யாருடைய கூடாரம் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடிக்கு அருகே தனியார் இடம் ஒன்றில் கூடாரத்தில் தங்கியிருந்த ஓர் இளம்பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. காட்டை ஒட்டிய இடம். அதற்குப் பிறகுதான் அந்த மாவட்டத்தில் உரிமம், பாதுகாப்பு என்று கெடுபிடி வந்தது. அந்தக் கூடாரங்களில் படுத்தவர்கள் எவரும் சட்டத்தை மீற நினைத்தவர்கள் அல்லர். பணம் கட்டினோம், பாதுகாப்பு இருக்கும் என்று நம்பியவர்கள்.

வனத்துறை நடத்தும் கூடாரங்களைச் சுற்றி அகழியோ மின்வேலியோ இருக்கும், இரவுக் காவல் இருக்கும். உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள்தான் காவலர்கள். யானை வரும் வழி அவர்களுக்குத் தெரியும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் தனியார் கூடார முகாம்களில் இதெல்லாம் இருக்கிறதா என்று கேளுங்கள், உள்ளாட்சி உரிமம் உண்டா என்று கேளுங்கள். காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நீங்களே கூடாரம் அடிப்பது குற்றம்.

இன்னொன்று, காலம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதை இன்றுவரை என்னால் அமைதியாகப் பேச முடிவதில்லை. மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும். வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன, பதிவும் வழிகாட்டியும் உண்டு. எளிய பாதைகளில் அறுபது வயதுக்காரர்களும் தாராளமாக நடக்கலாம். தீக்காலத்தில் அதை மூடிவைப்பார்கள். மூடியிருக்கும்போது வேறு வழியாக உள்ளே போகலாம் என்று யாராவது சொன்னால் அவரோடு சேராதீர்கள்.

தை மாதம் நல்ல காலம். போய் வாருங்கள்.

ஒரே நாளில் காட்டைத் தொட்டுவிட்டுத் திரும்ப நினைப்பவர்களுக்கு காரமடைக்கு மேலே பரளிக்காடு இருக்கிறது. பில்லூர் அணையின் நீர்த்தேக்கத்தில் பரிசல், மதியம் அந்த மலைக்கிராமத்துப் பெண்கள் கையால் சாப்பாடு. வார இறுதியில் மட்டும்தான், முன்பதிவு வேண்டும். அந்தப் பணம் அந்தக் கிராமத்துக்கே போகிறது என்பதால் மனநிறைவோடு சொல்கிறேன்.

———

பெங்களூரில் மகன் · செவ்வாய், பகல் 1.15

பெரியவர்களிடம் ஒரு கேள்வி. என் பெற்றோர் தஞ்சாவூரில் இருக்கிறார்கள். அவர்களைக் கபினிக்கு அனுப்ப ஆசை. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் காராப்புராவில் நடத்தும் இடம், மைசூர் மகாராஜாவின் பழைய வேட்டை மாளிகை. சாப்பாடு, ஜீப், படகு எல்லாம் வாடகையிலேயே சேரும். ஆனால் எவ்வளவு என்று கேட்டு, "அந்தப் பணத்தில் ஒரு பவுன் வாங்கலாமே" என்று அம்மா மறுக்கிறார். நான் பணம் கட்டுவதில் அவருக்கு என்ன சங்கடம்?

———

செண்பகத்தோப்பு · செவ்வாய், பிற்பகல் 2.40

தம்பி, உங்கள் அம்மா மறுப்பது பணத்தினால் மட்டும் இருக்காது. உங்களுக்கு ஒரு குடும்பம் இருக்கிறது, வீட்டுக்கடன் இருக்கும், அதிலிருந்து எடுத்துத் தான் ஒரு கட்டிலில் படுப்பதா என்று நினைப்பார். என் மகனிடம் நானும் அப்படித்தான் சொன்னேன்.

விலையைச் சொல்லாதீர்கள். பதிவு செய்துவிட்டுத் தேதியை மட்டும் சொல்லுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்ப வராது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். போவார். திரும்பி வந்ததும் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார். முடிந்தால் நீங்களும் ஒரு நாள் அங்கே போய் அவர்களோடு சாப்பிடுங்கள். எங்களுக்கு யானையைவிட அதுதான் வேண்டும்.

———

ஆழியாறு · செவ்வாய், பிற்பகல் 3.30

கபினி என்றால் சித்திரை, வைகாசி தொடக்கத்தில் அனுப்புங்கள் தம்பி. வெயில் கடுமைதான். ஆனால் நீர்த்தேக்கம் வற்றிக் கரையெல்லாம் புல் முளைத்திருக்கும், யானைக் கூட்டங்கள் அங்கே இறங்கும். நீலகிரி வழியாக வண்டியில் போனால் பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், அதற்கேற்பக் கிளம்பச் சொல்லுங்கள்.

———

திருச்சி இருவர் · செவ்வாய், மாலை 5.50

லடாக் போக நினைப்பவர்களுக்கு இரண்டு வரி. லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்கியதும் இரண்டு நாள் அறையைவிட்டு அதிகம் அலையாதீர்கள். பாங்காங் ஏரி 4,200 மீட்டருக்கும் மேல். அங்கே கூடாரத்தில் இரவு தங்குவதை நாங்கள் தவிர்த்துவிட்டோம், பகலில் பார்த்துத் திரும்பினோம். நுப்ராப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஹுண்டர் என்ற ஊர், லேயைவிடத் தாழ்வான இடம், அங்கே கூடாரம் சுகமாக இருந்தது, ஆப்பிள், வாதுமை மரங்களுக்கு நடுவே. இதயம், நுரையீரல் தொந்தரவு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

———

பொருநைக்கரை · செவ்வாய், இரவு 8.30

வணக்கம். இதை எழுதுவது அவருடைய மனைவி. என் பெயரில் கணக்குத் தொடங்காமல் அவர் கணக்கிலேயே எழுதுகிறேன்.

நேற்று நான் ஏன் பேசாமல் இருந்தேன் என்று கேட்டார். செவிலியர் அம்மாவின் பதிவைப் படித்த பிறகு சொல்லத் துணிவு வந்தது. கொழுக்குமலையில் அந்த இரவு அவர் நன்றாகத் தூங்கினார். நான் தூங்கவில்லை. பதினொரு மணியிலிருந்து கழிப்பறைக்குப் போக வேண்டும். வெளியே காற்று கூடாரத்தை அறைந்துகொண்டிருந்தது. தனியாகப் போகப் பயம், அவரை எழுப்ப மனம் வரவில்லை. விடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். சூரியன் வந்தபோது எல்லோரும் மலையைப் பார்த்தார்கள், நான் முதலில் வேறெங்கோ ஓடினேன். அவ்வளவுதான் விஷயம். காடு எனக்குப் பிடிக்காது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு மிகவும் பிடிக்கும். பறவைகளை அவரைவிட நான் அதிகம் அடையாளம் சொல்வேன்.

நான் கேட்ட அறை எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேக்கடியில் பெரியார் ஏரிக்கு நடுவே கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஏரி மாளிகை இருக்கிறது. திருவிதாங்கூர் மன்னரின் கோடை மாளிகையாக இருந்தது. மொத்தம் ஆறு அறை. படகில்தான் போக வேண்டும். அங்கே தங்கியவர்கள் வராந்தாவில் உட்கார்ந்தபடியே எதிர்க்கரையில் காட்டெருமையும் யானையும் தண்ணீர் குடிக்க வருவதைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஓர் அறையைக் கேட்டால் அதையும் ரிசார்ட் என்று சொல்லி ஒதுக்கிவிட்டார். வாடகை அதிகம்தான். என் ஓய்வூதியத்திலிருந்து நான் தருகிறேன். முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்கு இந்தக் கணக்குப் போடத் தெரியும்.

ஆனப்பாடிக் கூடாரத்தில் உள்ளேயே கழிப்பறை இருக்கிறது என்றால் அங்கேயும் வருகிறேன், மகிழ்ச்சியாகவே வருகிறேன்.

———

மருந்துப்பெட்டி · செவ்வாய், இரவு 9.05

அம்மா, எழுதியதற்கு நன்றி. எத்தனையோ பெண்கள் இதைச் சொல்லாமலே, "எனக்கு முட்டி வலி, நீங்கள் போய்வாருங்கள்" என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். அடுத்த முறை அவரை எழுப்புங்கள். எழுந்து வருவார்.

———

கடலோரக் கணக்கர் · செவ்வாய், இரவு 9.40

ஏரி மாளிகைக்கு என் விதி பொருந்தாது. அங்கே வாசல் காட்டுக்குள் திறக்கிறது, அதுவும் நன்றே.

———

ஆழியாறு · புதன், காலை 6.55

ஐயா, அம்மா, இருவருக்கும் ஒரு யோசனை. சுற்றைத் திருப்பிப் போடுங்கள். உடலில் தெம்பு இருக்கும்போது முதலில் கூடாரம், களைத்த பிறகு கடைசியில் மாளிகை. திருநெல்வேலியிலிருந்து மதுரை வழியாகப் பழனி வந்து இரவு தங்குங்கள். ஒரே மூச்சில் பொள்ளாச்சிவரை ஓட்ட வேண்டாம். மறுநாள் காலை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப், ஆனப்பாடி. திரும்பும்போது தேனி, கம்பம் வழியாகக் குமுளி ஏறினால் தேக்கடி. அங்கிருந்து ராஜபாளையம் வழியாக வீடு.

———

பொருநைக்கரை · புதன், காலை 10.20

இருவரும் சேர்ந்து எழுதுகிறோம். ஆழியாறு சொன்ன வழியிலேயே போகிறோம். ஆனப்பாடிக்குக் கேட்டுவிட்டோம், பொங்கல் விடுமுறைக் கூட்டம் கலைந்த பிறகு வரும் வாரத்தில் திங்கள்கிழமையிலிருந்து கூடாரம் இருக்கிறதாம். கழிப்பறையைப் பற்றி நானே கேட்டேன்: உள்ளேயே, மேலைநாட்டு முறை. இரவில் மின்விளக்கு இருக்கும் என்றும் சொன்னார்கள். ஏரி மாளிகைக்கு மனைவி போனில் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஆழியாறு தம்பிக்கு ஒரு கேள்வி: சேத்துமடைச் சோதனைச் சாவடியை எத்தனை மணிக்குள் தாண்ட வேண்டும்? காரில் எடுத்துவரக் கூடாதது எது?

———

ஆழியாறு · புதன், காலை 10.50

பகல் பன்னிரண்டுக்குள் சாவடியைத் தாண்டிவிட்டால் அவசரமில்லாமல் மதியச் சாப்பாட்டுக்கு ஆனப்பாடி சேரலாம். இருட்டிய பிறகு காட்டுச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். பிளாஸ்டிக் பை, பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டி, மது எதுவும் வேண்டாம், சோதிப்பார்கள். எவர்சில்வர் புட்டி கொண்டுவாருங்கள். அடையாள அட்டை அசலும் நகலும் இரண்டு பேருக்கும். காட்டுக்குள் பெட்ரோல் கிடைக்காது, பொள்ளாச்சியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அம்மாவுக்குத் தொலைநோக்கி இருந்தால் மறக்க வேண்டாம். டாப்சிலிப்பில் இருவாச்சிப் பறவையைப் பார்க்க வாய்ப்பு உண்டு.